முதுகுக்கு முதுகு

ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் மாதம் வந்துவிட்டால் நெல்லிக்கொல்லை ஊரில் பகல் நேரத்தில் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. ஆண்கள் மரத்தின் மேல் இருப்பார்கள். பெண்கள் மரத்தடியில் இருப்பார்கள். கிளையை உலுக்கும்போது புளியம்பழம் முதுகிலும் தலையிலும் சடசடவென்று விழும். பொறுக்கிக் கூடையில் போட்டு, பாறைக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைத்து, ஓடு உடைத்து, கட்டையால் தட்டிக் கொட்டை எடுக்கவேண்டும். பனி விலகாத காலையில் தொடங்கினால் பொழுது சாயும் வரைக்கும் அந்தக் கட்டைச் சத்தம் மலையில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கெங்கம்மாளுக்கு அது பெருமையான மாதம். மருமகள் பாஞ்சாலைதான் அந்தப் பெருமைக்குக் காரணம். மற்றப் பெண்கள் இரண்டு பேராகப் பிடிக்கும் கூடையைப் பாஞ்சாலை ஒருத்தியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாள். நடந்தால் பாறைச் சரிவில் மூச்சு வாங்கும், வியர்த்துக் கொட்டும். ஆனாலும் சிரித்துக்கொண்டே வருவாள்.

பாஞ்சாலை நல்ல பருமன். சாமைச் சோறும் களியும் தின்று, நாளெல்லாம் ஏறி இறங்கும் மலைச் சனங்களில் அப்படி ஓர் உடம்பைப் பார்ப்பது அபூர்வம். அவள் பாறையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார இடம் தேடவேண்டும். பக்கத்து வீட்டுச் செல்லிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி கெங்கா, காவலூர்ல பெரிய கண்ணாடி வச்சு நச்சத்திரம் பாக்கறாங்களே, அத்த கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினாங்கன்னு வய்யி, உன் மருமவதான் தெரிவா!"

"தெரியட்டுமே! உன் வூட்டு மருமவள அந்தக் கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரியாது. குச்சி!"

பெண்கள் சிரிப்பார்கள். பாஞ்சாலையும் சிரிப்பாள். சில நாள் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகாது. அதைக் கெங்கம்மாள் கவனித்ததில்லை.

பாஞ்சாலை அவளுடைய சொந்த அண்ணன் மகள். தாயில்லாப் பிள்ளை. மகன் தீர்த்தகிரிக்குக் கட்டிவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, மணிக்கட்டில் போட்ட வளையல் முழங்கைவரைக்கும் ஏறும். கெங்கம்மாள் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துத் தடவிப் பார்த்தாள். பஞ்சம் வந்த ஒரு வருடம் அவள் தன் இரண்டு பெண் குழந்தைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்தன. அந்த வருடம் பிழைத்த பிள்ளைகளெல்லாம் கொஞ்சமாவது சதை இருந்த பிள்ளைகள். அன்றைக்குப் படித்த பாடத்தை அவள் மறக்கவில்லை. உடம்பில் சதை இருந்தால் எமன் வாசலோடு திரும்பிப் போவான் என்று நம்பினாள். எருமைப் பால், நெய், தேன், வெல்லம் என்று எது கிடைத்தாலும் முதல் பங்கு மருமகளுக்குத்தான். பாஞ்சாலையின் உடம்பு வாகும் அப்படி, போட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஐந்து வருடத்தில் வளையலை வெட்டித்தான் கழற்றவேண்டியிருந்தது. அதைக்கூடக் கெங்கம்மாள் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள்.

அந்த வருடம், எழுபத்தெட்டில், கண்ணமங்கலம் சந்தைக்குப் புளி கொண்டுபோனவர்கள் ஒரு காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரத்தின் மகன் தசரதன்தான் முதலில் படுத்தான். அடுத்து செல்லியின் மகனும் மருமகளும். ஒரு வாரத்துக்குள் பதினோரு வீடுகளில் ஆள் படுத்துவிட்டது. அதிலும் ஒரு விசித்திரம். வயதானவர்களை அது தொடவில்லை. மரம் ஏறுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், காளைப் பிராயத்துப் பிள்ளைகள்தான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். பழுத்த புளி உலுக்க ஆளில்லாமல் மரத்திலேயே ஆடியது.

"நம்ம பாஞ்சாலை கீறா, பயப்படாத" என்று கெங்கம்மாள் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். "அவளுது இரும்பு ஒடம்பு. அவள ஒண்ணும் பண்ணாது."

பாஞ்சாலை போனாள். மிளகும் துளசியும் ஆடாதொடை இலையும் போட்டுக் காய்ச்சிய கஷாயப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். செல்லியின் மகனைத் தூக்கி உட்காரவைத்து வாயில் ஊற்றினாள். தசரதனின் தலையைத் தன் மடியில் வைத்து ஈரத்துணி போட்டாள். யார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லையோ அதற்கும் காட்டினாள்.

பிறகு தீர்த்தகிரி படுத்தான். அவன் ஒல்லி. மகனின் விலா எலும்பைப் பார்த்ததும் கெங்கம்மாளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அடுப்போரம் இடம், நல்ல கம்பளி, கடைசித் தேன் எல்லாம் அவனுக்கே போயிற்று. மறுநாள் பாஞ்சாலைக்கும் உடம்பு சுட்டது.

"அத்தே, மாரு கனமா கீது."

"நாலு நாளா வேலை செஞ்சல்ல, அதான். படுத்துத் தூங்கு. உன் ஒடம்புக்கு இதெல்லாம் ஒரு காய்ச்சலாடி?"

சொன்னபடி அவள் மூலையில் மல்லாந்து படுத்தாள். கெங்கம்மாள் ஒரு கம்பளியை நான்காக மடித்து அவள் மார்மேல் போட்டுவிட்டு, களி உருண்டை இரண்டு வைத்துவிட்டு, மகனிடம் போனாள்.

மூன்றாம் நாள் தீர்த்தகிரிக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து மொச்சைக் குழம்பு கேட்டான். குலசாமி வேடியப்பன் கண் திறந்தான் என்று கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல மருமகள் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பழைய துருத்தியை யாரோ மிதிப்பதுபோல ஒரு சத்தம். களி உருண்டைகள் இரண்டும் வைத்தபடியே காய்ந்து கிடந்தன. பாஞ்சாலையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது.

"ஏ பாஞ்சால!"

"படுத்தா... மூச்சு... வரல அத்தே."

கெங்கம்மாளின் கூச்சல் கேட்டு முதலில் ஓடி வந்தது செல்லி. பின்னால் ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம் வந்தார். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கழியில டோலி கட்டி அமிர்தி ஆஸ்பத்திரிக்கு எறக்கிடலாம்னா, தூக்க ஆளு எங்க கீது? மத்தவங்களுக்கு நாலு பேரு போதும். இதுக்கு எட்டுப் பேராவது வேணும். ஊருல நிக்கற காலு நாலுகூட இல்ல" என்றார் பஞ்சாட்சரம்.

"நெய்யூத்தி வளத்தாளே..." என்று ஆரம்பித்த செல்லி, கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்து அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

தீர்த்தகிரி வேட்டியை இறுக்கிக் கட்டினான். "நான் எறங்கிப் போயி நர்சம்மாவ இட்டுகினு வர்றேன்."

"உனக்கே இன்னிக்குத்தாண்டா காய்ச்சல் வுட்டுது!"

"காலு நல்லாத்தான் கீது, வுடும்மா."

எட்டு மைல் இறக்கம். அவன் புளியமரம் தாண்டி மறையும்வரை கெங்கம்மாள் வாசலில் நின்றாள். ஒரு கண் மகன்மேல், ஒரு காது உள்ளே கேட்கும் அந்தச் சத்தத்தின்மேல்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குத் தீர்த்தகிரியோடு நர்ஸ் மணியம்மாள் வந்து சேர்ந்தாள். அடிவாரத்துக்காரி, நாற்பது வயது, வெள்ளைப் புடவையின் கரையெல்லாம் செம்மண். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக மார்மேல் இருந்த கம்பளியை இழுத்து எறிந்தாள்.

"யாரு இத்த போட்டது?"

"நான்தாங்க."

"முதல்ல இவள உக்கார வைங்க. வாங்க, எல்லாரும் ஒரு கை கொடுங்க."

நான்கு பெண்கள் சேர்ந்து பாஞ்சாலையைத் தூக்கி உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் துருத்திச் சத்தம் சற்றுத் தணிந்தது. மணியம்மாள் முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். ஊசி போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இது ஊரு ஊரா வர காய்ச்சல்தாம்மா. ரேடியோவுல கூட சொல்றாங்க, வேற தேசத்துல எல்லாம் கீதாம். பெருசுங்களுக்கு முன்ன எப்பவோ வந்துட்டுப் போனதாம், அதனால அவங்கள வுட்டுட்டு சின்னதுங்களப் புடிக்குது. முக்காவாசிப் பேருக்கு மூணு நாலு நாள்ல போயிடும். ஆனா இவள மாதிரி ஒடம்பு கனத்தவங்களுக்கு அது மாருல எறங்கிடுது. படுத்தா வயிறு மேல ஏறி மூச்சுப்பைய அமுக்குது. அவ கனத்த அவளே தூக்கிகினு மூச்சு விடணும். ஒல்லியானவனுக்கு இல்லாத கஷ்டம் இவளுக்கு."

கெங்கம்மாள் தரையில் கிடந்த கம்பளியைக் கையில் எடுத்தாள். "சதை இருந்தா தாங்கும்னு நெனச்சேங்க."

"பஞ்சத்துக்குத் தாங்கும்மா. இந்தக் காய்ச்சலுக்குத் தாங்காது."

"டோலி..." என்றார் வாசலிலிருந்த பஞ்சாட்சரம்.

"வாணாங்க. டோலிக்குள்ள சுருட்டிப் படுக்கவச்சா பாதி வழியிலயே மூச்சு நின்னுபோவும். ஊசி நான் போடறேன். ரெண்டு வேளையும் போடணும், அதனால இங்கயே தங்கிக்கறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். இவ படுக்கக் கூடாது. மூணு நாளோ நாலு நாளோ, நிமுந்து உக்காந்தே இருக்கணும்."

சொல்வது எளிதாக இருந்தது. சுவரோரம் சாய்த்தார்கள். மூங்கில் தட்டி கட்டி மண் பூசிய சுவர் அது. பாஞ்சாலை சாய்ந்ததும் உள்ளே தட்டி முறியும் சத்தம் கேட்டது. மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது. வெளிப்பக்கம் சுவர் பானை வயிறாகப் புடைத்துவிட்டது. பாஞ்சாலை அந்த நிலையிலும் வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாமை மூட்டை இரண்டைக் கொண்டுவந்து பின்னால் அடுக்கினார்கள். கொஞ்ச நேரம் நின்றது. தூக்கம் அவளை ஒரு பக்கம் சாய்த்ததும் மூட்டை மறுபக்கம் வழுக்கியது. மூச்சு மறுபடி திணறியது.

கெங்கம்மாள் மூட்டைகளைத் தள்ளினாள். மருமகளின் பின்னால் தரையில் உட்கார்ந்து, காலை எதிர்ச்சுவர் அடியில் பதித்து, தன் முதுகை அவள் முதுகோடு சேர்த்து வைத்தாள். அந்த உடம்பின் பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது. ஆனால் மூச்சு எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்போது சரிகிறது என்று கண்ணால் பார்க்காமலே தெரிந்தது. வலப்பக்கம் சரிந்தால் வலத்தோளைக் கொடுத்தாள். முன்னால் கவிழ்ந்தால் ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பிடித்தாள்.

மணியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதாம்மா வேணும். மூட்டைக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும்."

அப்படியே பொழுது சாய்ந்தது. முகம் பார்க்காமல் இருந்ததால்தானோ என்னவோ, கெங்கம்மாளுக்கு வாய் வந்தது.

"பாஞ்சால."

"ம்."

"ரெண்டு நாளா உன்னப் பாக்காம வுட்டுட்டேன்டி. தேனுகூட உனக்கு வக்கல."

பதில் வர நேரமாயிற்று. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "இத்தினி வருசம்... எனக்குத்தானே... வச்ச."

"அதுதாண்டி தப்பாப் போச்சு. ஊட்டி ஊட்டி உன்ன இப்பிடி ஆக்கிட்டேனே."

"அம்மா இல்லாதவளுக்கு... ஊட்டினது... தப்பா?"

கெங்கம்மாளின் முதுகு குலுங்கியது. தன் அழுகை மருமகளின் மூச்சைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரம் செல்லி வந்தாள். கையில் கஷாயச் செம்பு. கெங்கம்மாளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நகரு அப்பால. உன் முதுகு முதுகா அது? வறட்டுக் குச்சி. அவளுக்குக் குத்தப் போவுது."

"உனக்கு வாணாம் செல்லி, இடுப்பு வுட்டுடும்."

"என் புள்ளைய மடியில போட்டுக் கஷாயம் ஊத்தினவ இவ. நான் கண்ணாடி அது இதுன்னு கிண்டல் பண்ணேன். நகருன்னா நகரேன்!"

செல்லி உட்கார்ந்தாள். முதுகைச் சேர்த்ததும் "யப்பா!" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "ஏ பாஞ்சால, நல்லா சாஞ்சிக்கோ. இது மொட்டப்பாறை மாதிரி முதுகு. அசையாது."

செல்லிக்குப் பிறகு தசரதனின் தாய் ராணியம்மாள் வந்தாள். அவளுக்குப் பிறகு மேலண்டைத் தெருப் பெரியம்மாள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. அடுப்பில் களி கிண்டிவிட்டு ஒருத்தி, மாடு கட்டிவிட்டு ஒருத்தி, தன் வீட்டு நோயாளிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஒருத்தி. பாஞ்சாலை எந்த எந்த வீட்டுக்குக் கஷாயப் பானை தூக்கிக்கொண்டு போனாளோ, அந்த அந்த வீட்டிலிருந்து ஒரு முதுகு வந்தது. ஊர்க்கவுண்டர் வெளியே உட்கார்ந்து புடைத்த சுவருக்கு முட்டுக்கழி கொடுத்துக்கொண்டிருந்தார். வேடியப்பனுக்குக் கெங்கம்மாள் எத்தனையோ முறை பொங்கல் வைத்திருக்கிறாள். அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில், வாசலில் தலை குனிந்து உள்ளே வரும் ஒவ்வொருத்தியிடமும் அவனைக் கொஞ்சம் பார்த்ததாகப் பிற்பாடு சொல்வாள்.

இரண்டாம் நாளும் துருத்திச் சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இன்னும் கூடியது. மணியம்மாள் ஊசி போட்டுவிட்டு, தீர்த்தகிரியைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். அவன் புளியமரத்தடியில் போய் நின்று அழுதான். கெங்கம்மாள் அதைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எழுந்துக்க மாட்டேன். யாரும் முறை கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மருமகளின் பின்னால் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. ஈ ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஐந்து நாளாகத் தூங்காத கண். வேடியப்பா, வேடியப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், எந்த இடத்தில் அந்தப் பெயர் அறுந்தது என்று அறியாமலே தூங்கிப்போனாள்.

விழித்தபோது, வாசல் வழியாக வந்த வெயில் அடுப்பங்கல் வரைக்கும் நகர்ந்திருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது.

அந்தச் சத்தத்தைக் காணோம்.

கெங்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் எந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று ஏங்கினாளோ, அது இப்போது நின்றிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திரும்பினால் பின்னால் இருக்கும் உடம்பு சரிந்துவிடும். சரிந்தால் தெரிந்துவிடும். தெரியாமலே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவள் காலை எதிர்ச்சுவர் அடியில் பதித்திருக்கவில்லை. கால்கள் இரண்டும் தரையில் தளர்ந்து நீண்டு கிடந்தன. இடுப்பில் பாரம் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, கெட்டியாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்த ஒரு தோளில் கிடந்தது. அவள் யாரையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்த முதுகு மெல்ல உயர்ந்தது. நிதானமாகத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. வேர்வையில் இரண்டு பேருடைய ரவிக்கையும் ஒட்டிக் குளிர்ந்திருந்தன.

"எழுந்துட்டியா அத்தே?"

குரல் கரகரப்பாக இருந்தது. ஆனால் ஒரே மூச்சில் வந்தது.

"பாஞ்சால!"

"குறட்ட வுட்டுத் தூங்கினியா, எழுப்ப மனசு வரல. அசையாம உக்காந்து காலு மரத்துப்போச்சு."

கெங்கம்மாள் திரும்பினாள். பாஞ்சாலையின் நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. உதட்டில் நாவல்பழ நிறம் போயிருந்தது. சரியாமல், சாயாமல், இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தானாக உட்கார்ந்திருந்தாள்.

கெங்கம்மாள் போட்ட சத்தத்தில், வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த செல்லி கட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தீர்த்தகிரி வந்தான். அடுத்த வீட்டிலிருந்து மணியம்மாள் வந்து குழாய் வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு குழாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"தப்பிச்சிட்டா. எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்."

"நான் அப்பவே சொல்லல? மொட்டப்பாறை முதுகு. எல்லாம் என் முதுகு விசேஷம்" என்றாள் செல்லி. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மணியம்மாள் பையைக் கட்டும்போது கெங்கம்மாளைத் தனியாக அழைத்தாள். "கோவிச்சுக்காதம்மா. இனிமே நெய்யி, வெல்லம் எல்லாம் கொஞ்சமாப் போடு. கீரை, மொச்சை, சாமை, இதெல்லாம் நல்லா குடு. ஏத்தம் எறக்கம் மெதுவா நடக்கச் சொல்லு. ஒரேயடியா வாணாம், நாளாக நாளாகக் கொறையட்டும். அவ தப்பும் இல்ல, உன் தப்பும் இல்ல. அடுத்த வாட்டி காய்ச்சல் வந்தா மொத ஆளா இவளப் பாரு. அவ்ளோதான்."

"மூணு நாளு எங்க வூட்டுல களி தின்னு கெடந்தீங்களே தாயி" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் கெங்கம்மாள். பஞ்சாட்சரம் ஓர் ஓலைக் குடலை நிறையத் தேனடையை நர்ஸின் பையில் திணித்தார். அவள் வேண்டாம் என்றது யார் காதிலும் விழவில்லை.

எல்லாரும் போனபிறகு பாஞ்சாலை சொன்னாள்.

"பசிக்குது அத்தே."

உலகத்தில் அதைவிட இனிமையான சொல்லைக் கெங்கம்மாள் கேட்டதில்லை. சாமைக்கஞ்சியைத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினாள். கை, பழக்கத்தில், தானாகவே இரண்டாவது கரண்டிக்குப் போயிற்று. பானைக்குள்ளேயே நின்றது. கரண்டியை மெல்ல விட்டுவிட்டுக் கீரைச் சட்டியை எடுத்தாள்.

"இன்னா அத்தே, கஞ்சி தீந்துபோச்சா?"

"தீரல. பொழுது சாய்ஞ்சதும் இன்னொரு வாட்டி தர்றேன். நான் எங்கடி போவப் போறேன்?"

பாஞ்சாலை சாப்பிடத் தொடங்கினாள். கெங்கம்மாள் அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். மறுபடியும் தரையில் உட்கார்ந்து, முதுகை முதுகோடு வைத்தாள்.

"இனிமே வாணாம் அத்தே. நானே உக்காந்துக்குவேன்."

"உனக்கு இல்லடி" என்றாள் கெங்கம்மாள், கண்ணை மூடிக்கொண்டு. "எனக்கு."